கண்ணாடித் தொட்டியில் பிரானா மீன்

தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை என்னும் இரண்டு ஏரிகளையும் ஒன்றாய் இணைத்து, 500 மில்லியன் கன அடி ஜலம் கொள்ளும்படி அமைத்த நீர்த்தேக்கம் 2020-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. ஆந்திர நாட்டுக் கண்டலேறு அணையினின்று கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நதி ஜலம் இதில் தேக்கப்பட்டுச் சென்னை நகரத்தாருக்குக் குடிநீராகின்றது. இதற்கு முன்னரே சிப்காட் தொழிற்பேட்டை இவ்வூரில் ஏற்பட்டு, பிரெஞ்சு தேசத்து மிஷலின் கம்பெனியாரின் டயர்த் தொழிற்சாலையும் வேறு சிலவும் நடைபெற்று வருகின்றன. ஒருபுறம் ஏரியும் கழனியும், மறுபுறம் புகைபோக்கியும் மின்விளக்குமாக நிற்கும் இத்தகைய ஊர்களில், மாதச் சம்பளம் வாங்கும் வாலிபர்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது இப்பொழுது சாதாரணமாகி வருகிறது. சென்னையைச் சார்ந்த கொளத்தூரில் வண்ண மீன் உற்பத்தியும் வியாபாரமும் பெருத்த அளவில் நடைபெறுவதால், வேண்டிய மீனை ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்து அன்றே ஊர் கொண்டுவந்து சேர்ப்பது எளிதாகிவிட்டது.

இவ்வாறு வரும் மீன்களில் பிரானா என்பதும் ஒன்று. பயிரையும் கால்நடையையும் பற்றிப் படிக்க விரும்பும் மிராசுதாரர்களுக்குத் தென் அமெரிக்க மீன் ஒன்றைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். தொட்டியில் நலமின்றி வாடும் மீனே கடைசியில் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. ஏரியோ ஊருக்குப் பொது. ஆகையால் இவ்விஷயத்தில் வீட்டுக்காரருக்கு உள்ள கவலை ஆயக்கட்டுதாரருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உண்டு.

சில காலத்துக்கு முன், தேர்வாய் கண்டிகைக்கு அணித்தான ஒரு கிராமத்தில் நிலக்கிழார் ஒருவர் தம் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். கூடத்தில் மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி. அதாவது நாலரை கன அடி. லிட்டர் கணக்கில் சுமார் 127. அதனுள் உள்ளங்கை அகலத்தில் ஐந்து மீன்கள். மேலே வெள்ளை வெளேரென்று ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் ஒரு கல்லோ கட்டையோ இல்லை. நாங்கள் அருகே சென்றதும் ஐந்தும் ஒரு மூலையில் ஒடுங்கின. ஒன்று கண்ணாடியில் மோதித் தலைகீழாகப் புரண்டு மறுபடி நிமிர்ந்தது. மூன்று மீன்களுக்கு வால் பாதிக்குமேல் கத்தரித்தாற்போல் இருந்தது.

"ஐயா, பையன் ஐந்தையும் பிரானா என்று விலை கொடுத்து வாங்கி வந்தான். ஒன்றையொன்று தின்கின்றன. கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. ஏரியில் விட்டுவிட்டால் அந்தப் புண்ணியமாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்" என்றார் பெரியவர்.

"சற்றுப் பொறுங்கள், முதலில் வாயைப் பார்ப்போம்" என்றேன்.

பார்த்ததில், ஐந்தில் இரண்டே பிரானா. வாலிழந்த மற்ற மூன்றும் பாக்கு என்னும் மீன். இவ்விரண்டும் ஒரே இனத்தைச் சார்ந்த தாயாதிகள்தாம். இளமையில் இரண்டுக்கும் வட்டமான தட்டை உடலும், வெள்ளி நிறமும், சிவந்த வயிறும் இருப்பதால் விற்பவரும் வாங்குபவரும் ஏமாறுகிறார்கள். பிரானாவுக்குக் கீழ்த்தாடை மேல்தாடைக்கு வெளியே துருத்தி நிற்கும். பற்கள் ஒற்றை வரிசையாய், முக்கோண வடிவாய், அரத்தின் பல்போல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். பாக்குவுக்குத் தாடை ஏறக்குறைய சமமாக இருக்கும். பற்களோ நம் கடைவாய்ப் பல் போல மொண்ணையானவை, கொட்டையையும் கனியையும் உடைத்துத் தின்பதற்கு ஏற்றவை. பாக்கு நம் நாட்டுக்குப் புதியதன்று. 2003, 2004-ஆம் வருஷங்களில் வங்காளதேசத்தின் வழியாக மேற்கு வங்காளத்துக்குள் வந்து, பின் ஆந்திரத்துக் குளங்களில் ஏராளமாக வளர்க்கப்பட்டு, 'ரூப்சந்த்' என்னும் பெயரால் சந்தைகளில் விற்கப்படுகிறது. ஏரி வலையில் மனிதனைத் தின்னும் மீன் சிக்கியது என்று அவ்வப்போது பரவும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தச் சாதுவான பாக்குவைப் பற்றியவையே.

பாக்கு இரண்டரை அடிக்கு மேலும் வளரக்கூடியது. ஆகவே வீட்டுத் தொட்டிக்கு அது எவ்வகையிலும் உதவாது. மூன்றடித் தொட்டியில் அதை வைப்பது எருமைக் கன்றைக் கோழிக் கூண்டில் வளர்ப்பதற்கு ஒப்பாகும். பிரானாவுடன் சேர்த்து வைத்தால் அதன் வால் பிரானாவுக்கு அன்றாடத் தீனியாகிவிடும்.

இனிப் பிரானாவைப் பற்றி. தொட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது செவ்வயிற்றுப் பிரானா. சாஸ்திரப் பெயர் பைகோசென்ட்ரஸ் நாட்டெரெரி. அமேசான், பராகுவே, பரானா, எஸெகிபோ ஆறுகளின் படுகைகள் இதன் தாயகம். சாதாரணமாக ஓரடி வரை வளரும். அமெரிக்க ஐக்கிய நாட்டு முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1913-14-இல் பிரேஸில் காடுகளில் யாத்திரை செய்து எழுதிய நூல் இம்மீனுக்குக் கொடியது என்ற பெயரை உலகமெங்கும் பரப்பிவிட்டது. ஆனால் இது கொலைவெறியால் கூட்டம் கூடும் மீன் அன்று. அச்சத்தால் கூட்டம் கூடும் மீன். ஆற்றில் முதலைக்கும் நீர்ப்பறவைக்கும் பெரிய மீனுக்கும் இது இரையாகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆன் மகுர்ரன் அம்மையாரும் பிரேஸில் நாட்டு ஹெல்டர் கெய்ரோஸ் என்பவரும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை நன்கு விளக்குகிறது. மீன் அமைதியாக இருக்கையில் செவுள் மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று அவர்கள் எண்ணினார்கள். இரண்டிரண்டாக வைத்த மீன்கள் வேகமாக மூச்சு விட்டன. எட்டாகச் சேர்த்து வைத்தவை நிதானமாக மூச்சு விட்டன. பறவை பாய்வதுபோலப் போலியாக ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தியபோதும், எட்டின் கூட்டமே விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிற்று.

இந்த ஆராய்ச்சியில் வீட்டுக்காரருக்கும் பிரயோஜனம் உண்டு. மீன் நலமாக இருக்கிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கடிகாரம் ஒன்று போதும். தொட்டிக்கு ஆறடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து, ஒரு நிமிஷத்துக்குச் செவுள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். ஒரு வாரம் இவ்வாறு குறித்தால் அந்த மீனுக்கு இயல்பான எண் இன்னது என்று விளங்கும். பின்னர் ஒருநாள் எண் திடீரென உயர்ந்தால், வியாதி கண்ணுக்குத் தெரியும் முன்னரே ஜலத்தில் ஏதோ குறை நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். மாட்டின் அசைபோடுதலைக் கவனித்து அதன் உடம்பு நிலையைச் சொல்லும் நம்மவர்களுக்கு இது புதிய வித்தையன்று.

பெரியவரின் வீட்டில் இருந்த குறைகளில் முதலாவது, இடம். வளர்ந்த பிரானா ஆறு மீன்களுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியேனும் வேண்டும். அதில் சுமார் 680 லிட்டர் ஜலம் நிற்கும். ஜலம் மட்டுமே 680 கிலோ எடை. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆகையால் பழைய மெத்தை வீட்டின் மரத்தளத்தின் மேல் இதை வைப்பது அபாயம். எண்ணிக்கையில் ஆறு அல்லது அதற்கு மேல் வைப்பது நன்று. அதற்கு இடமில்லையேல் ஒன்றையே வைக்கலாம். இரண்டு மூன்றாக வைப்பதுதான் மிகவும் கெடுதி, ஏனெனில் வலியது மெலியதை ஓயாமல் விரட்டும். மெலியதற்கு மறைய இடமிராது.

இரண்டாவது, வெளிச்சம். அமேசான் கிளையாறுகளில் சில கறுந்தேநீர் போன்று இருண்ட ஜலம் உடையவை. கரை மரங்களின் நிழலும் உண்டு. மரக்கட்டை, அகன்ற இலைப் பாசி, பின்புறக் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஆகியவை அமைத்து விளக்கை மங்கலாக்கினால் மீன் தானே வெளியே வரும். இருட்டில் திடீரென விளக்கைப் போடலாகாது; முதலில் அறை விளக்கு, சிறிது நேரம் கழித்துத் தொட்டி விளக்கு என்பதே முறை. கண்ணாடியில் மோதி மோதிக் கீழ்த்தாடையில் கட்டிபோல் ஒன்று எழுவதுண்டு. அதற்கு மருந்து தேட வேண்டாம். அச்சம் நீங்கி ஜலமும் சுத்தமானால் பெரும்பாலும் தானே அடங்கும்.

ஜலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்; பத்துத் தொட்டிகள் கெட்டால் எட்டு இதனாலேயே கெடுகின்றன.

புன்செய் நிலத்தில் இட்ட யூரியா அம்மோனியாவாக மாறி, பின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும், அதன்பின் நைட்ரேட்டாகவும் மாறுவதைக் குடியானவர்கள் அறிவார்கள். தொட்டியிலும் அதுவே நடைபெறுகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. இம்மாறுதலைச் செய்யும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இன்று தொட்டி வாங்கி இன்றே மீனை விடுபவர், எருவிடாத புதுமண்ணில் நாற்று நட்டவர் போல் ஏமாற்றமடைவார். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் ஜலத்தில் சுத்தமாக அலசி வெளுக்க வைப்பதும் தவறு. தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே இலேசாகப் பிழிந்துவிட்டால் போதும். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். வெளியேற்றிய ஜலம் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரமாகும்.

பிரானாவுக்கு 6 முதல் 7½ வரை அமில-காரக் குறியுள்ள ஜலம் ஏற்றது. நம் ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் பெரும்பாலும் கடினமும் காரமும் உடையது. கடலோரத்தை நெருங்க நெருங்க உப்பும் சேரும். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல் ஜலம் புகுந்துவிட்டதை இவ்வட்டாரத்தார் நெடுங்காலமாக அறிவார்கள். காரமும் உஷ்ணமும் மிகுந்தால் அதே அளவு அம்மோனியா பன்மடங்கு நஞ்சாகிறது என்பதை மறக்கலாகாது. மழை ஜலத்தைச் சுத்தமான தொட்டியில் பிடித்து வைத்துக் கிணற்று ஜலத்துடன் கலந்து உபயோகிப்பது நல்ல வழி. ஆழ்குழாய் ஜலத்தில் பிராணவாயு குறைவாதலால் ஒருநாள் வெளியில் வைத்துக் காற்றுக் குமிழி விட்ட பின்னரே ஊற்ற வேண்டும். குளோரின் கலந்த குடிநீராயின், சோடியம் தயோசல்பேட் இட்டுக் குளோரினை நீக்காமல் ஊற்றலாகாது.

உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி வரை இருக்கலாம். நம் நாட்டில் குளிர் ஒரு தொல்லையன்று. சித்திரை, வைகாசி வெயிலே தொல்லை. ஜலம் சூடேறச் சூடேற அதில் கரைந்த பிராணவாயு குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடியது, 32 டிகிரியில் 7-க்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். மீனுக்கோ அந்த உஷ்ணத்தில் தேவை அதிகம். ஓட்டு வீட்டில் மேற்குச் சுவரோரம் தொட்டியை வைக்கலாகாது. மூடிய சீசாவில் பனிக்கட்டி உறையவைத்து மிதக்கவிடலாம். ஆனால் உஷ்ணத்தைச் சட்டென்று இறக்குவது அதைவிடக் கெடுதி. மின்சாரம் நின்றால் காற்றுப் பம்பு நிற்கும். பாட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று கைவசம் இருப்பது அவசியம்.

விவசாயி வீட்டுக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. பூச்சிமருந்து தெளித்து வந்த கையைக் கழுவாமல் தொட்டியில் விடுவதும், தெளிப்பான் வாளியால் தொட்டிக்கு ஜலம் ஊற்றுவதும் கணத்தில் மீனைக் கொல்லும். பைரித்ராய்டு என்னும் வகுப்பைச் சேர்ந்த மருந்துகள் மனிதருக்குக் குறைந்த நஞ்சாயினும் மீனுக்கு மிகக் கொடியவை. கொசுவுக்கு ஏற்றும் சுருளிலும் திரவத்திலும் பெரும்பாலும் இவ்வகுப்பு மருந்தே உள்ளது. தொட்டி உள்ள அறையில் அதை ஏற்றாதிருப்பதே உசிதம்.

தீனியில் பலரும் வேடிக்கைக்கு ஆசைப்பட்டுத் தவறுகிறார்கள். உயிருள்ள பொன்மீனை உள்ளே விட்டுப் பிரானா கடிப்பதை விருந்தினருக்குக் காட்டுவது பெருமையன்று. அந்தப் பொன்மீன் வியாதியை உள்ளே கொணரும்; மேலும் அதன் உடலிலுள்ள தயாமினேஸ் என்னும் பொருள் பி-1 உயிர்ச்சத்தைச் சிதைப்பதால், அதையே தின்னும் மீன் நாளடைவில் நலிவுறும். கோழியும் ஆட்டிறைச்சியும் கொழுப்பு மிகுந்தவை, ஜலத்தையும் கெடுக்கும். முள் நீக்கிய மீன் துண்டும் தோலுரித்த இறாலும் போதும். குஞ்சுகளுக்குத் தினந்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அந்தி வேளையில் இடலாம். சில நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். பசித்திருக்கும் பிரானா பக்கத்திலிருப்பதன் துடுப்பைக் கடிக்கும். அளவுக்கு மிஞ்சித் தின்றது ஜலத்தைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவறிந்து நடப்பது வளர்ப்பவர் பொறுப்பு. கடிபட்ட துடுப்பு சுத்தமான ஜலத்தில் சில வாரங்களில் மறுபடி வளர்ந்துவிடும். உடம்பில் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளி கண்டால், உஷ்ணத்தைச் சிறிது சிறிதாக 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்புக் கரைத்து, காற்றுக் குமிழியை அதிகப்படுத்த வேண்டும்.

பிரானாவை இடம் மாற்றும்போது வலையை நம்பலாகாது, கத்தரித்துவிடும். கனத்த பிளாஸ்டிக் வாளியால் ஜலத்தோடு முகந்து எடுக்க வேண்டும். கையில் எடுத்தால் உறுமும், இது கட்டுக்கதையன்று. மூச்சுப்பையை ஒட்டிய தசைகளாலும் பற்களை நெரிப்பதாலும் இது மூன்று விதமான சப்தம் செய்வதைப் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் 2011-இல் பதிவு செய்திருக்கின்றனர். அந்தச் சப்தம் கேட்கும் அளவுக்கு விரலைக் கிட்டக் கொண்டுபோகாதிருப்பது நன்று. குழந்தைகள் உள்ள வீட்டில் தொட்டிக்குப் பூட்டுள்ள மூடி வேண்டும்.

பெரியவர் சொன்ன புண்ணியத்துக்கு இப்போது வருவோம். 2012-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சீன தேசத்துக் குவாங்ஸி பிரதேசத்தில் லியூசோ என்னும் நகரத்து ஆற்றில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பிரானா கடித்தது. யாரோ தொட்டியிலிருந்து விட்டதாகவே கருதப்பட்டது. நகர நிர்வாகத்தார், பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பிரானாவுக்கும் ஆயிரம் யுவான் பரிசு என்று அறிவித்து, ஆற்றங்கரையில் மக்களை வலையும் தூண்டிலுமாக நிற்க வைக்க நேர்ந்தது. குளிர் மிகுந்த நாடுகளில் இம்மீன் மாரியில் இறந்துபோகும். நம் ஏரிகளிலோ ஆண்டு முழுவதும் அதற்கு ஏற்ற வெதுவெதுப்பு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்ஸாஸ் முதலிய ராஜ்யங்கள் பிரானா வைத்திருப்பதையே தடுத்திருப்பது காரணமின்றியன்று.

நம் நாட்டிலும் அனுபவம் இல்லாமலில்லை. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெருத்தவுடன் குளத்தில் எறியப்பட்ட 'சக்கர்' மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் பெருகி, கரையில் வளை தோண்டியும், முள்ளால் வலையைக் கிழித்தும் மீனவரை வருத்துகிறது. விற்பனைக்கும் உதவாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசாங்கத்தார் தடை செய்ததும், அது தப்பி நாட்டு மீன்களை அழிக்கும் என்ற காரணத்தாலேயே. மேலும் மத்திய அரசாங்கத்தின் அனுமதியின்றி அயல்நாட்டு உயிர்மீன் எதுவும் இறக்குமதியாகலாகாது என்பது சட்டம். எனவே பிரானா புதிதாக வாங்க நினைப்போர்க்கு யான் சொல்லக்கூடியது வேண்டாம் என்பதே. முன்னரே வாங்கிவிட்டவர்கள் அதை நன்றாக வளர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

வளர்க்க இயலாதவர் விற்றவரிடமே திருப்பித் தரலாம். பெரிய தொட்டி உள்ள வேறொருவருக்குக் கொடுக்கலாம். இரண்டும் இயலாவிடில், ஒரு வாளி ஜலத்தில் லிட்டருக்கு அரை மில்லி கிராம்பு எண்ணெயை வெந்நீரில் குலுக்கிக் கலந்து விட்டால் மீன் மயங்கித் துன்பமின்றி இறக்கும். செவுள் அசைவு முற்றும் நின்றபின் அரைமணி நேரம் விட்டுவைத்துத் தோட்டத்தில் புதைத்துவிடலாம். ஏரி, கால்வாய், கோயில் குளம், பாசனக் கிணறு ஆகிய எதிலும் விடலாகாது. வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த தெருக்களுக்குள் வெள்ளம் புகுவது இவ்வட்டாரத்தில் அரிதன்று. ஆகையால் தொட்டி இடுப்பளவு உயரத்திலாவது இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் ஏரி மீன்பாசிக் குத்தகைதாரரிடம் ஒன்று சொல்லி வைக்கலாம். பழக்கமில்லாத மீன் வலையில் சிக்கினால் அதை மறுபடி ஜலத்தில் விடாமல், வாயும் பல்லும் தெரியும்படி போட்டோ எடுத்து, மீனைப் பனிக்கட்டியில் வைத்து மீன்வளத் துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருப்பதால் இன்ன மீன் என்று அறிவது இவ்வட்டாரத்தாருக்குக் கடினமன்று. பிரானா என்று வதந்தி பரப்பி, குளிக்கும் பெண்களையும் மாடு கழுவும் பிள்ளைகளையும் அச்சுறுத்துவதற்கு முன் பல்லைப் பார்ப்பது முறை.

பெரியவர் வீட்டில் செய்த ஏற்பாடு வருமாறு. கும்மிடிப்பூண்டியில் பையனோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் ஆறடித் தொட்டியும், ஒத்த பருவமுள்ள நான்கு பிரானாவும் இருந்தன. அத்தொட்டியின் கட்டைகளை இடம் மாற்றி, பழைய மீன்களுக்குத் தம் தம் மூலை இன்னதென்று தெரியாதபடி கலைத்துவிட்டு, அந்தியில் இரண்டையும் ஒருங்கே விட்டார்கள். முதல் இரவு விளக்கே ஏற்றவில்லை. நான்காம் நாள் ஆறும் சேர்ந்து திரிவதாகப் பையன் செய்தி அனுப்பினான். செவுள் எண்ணிய கணக்கையும் தாளில் எழுதி அனுப்பியிருந்தான். நாளுக்கு நாள் எண் இறங்கியிருந்தது.

பாக்கு மூன்றையும் பெரியவர் தம் கொல்லையிலுள்ள பண்ணைக்குட்டைக்கு மாற்றினார். தார்ப்பாய் விரித்து நாற்புறமும் கரை உயர்த்திய குட்டை அது, கால்வாயோடு தொடர்பில்லை. ஆயினும் மழைக்காலத்துக்கு முன் வடிகால் வாயில் இரட்டை வலை கட்டச் சொன்னேன். வால்கள் நன்றாக வளர்ந்துவிட்டன. தை மாதத்தில் மறுபடி சென்றபோது குட்டையில் இரண்டே இருந்தன. மூன்றாவதைப் பற்றி விசாரித்ததற்குப் பெரியவர் வீட்டு அம்மாள் உள்ளிருந்தபடியே, "பொங்கலுக்கு மறுநாள் சம்பந்தி வந்திருந்தார்கள், குழம்பு வைத்தேன். முள் குறைவு, ருசிக்குக் குறைவில்லை" என்றார்கள்.